தறியும் செவியும்

நுழையும்முன்

கையும் காலும் கண்ணும் ஒரு தொழிலில் முழுமையாக ஈடுபட்டிருக்கும்போது செவி மட்டும் பணியின்றி இருக்கிறது. அச்செவிக்கு நூலையும் வரலாற்றையும் புதிய கருத்துகளையும் கொண்டுசேர்க்க வல்ல ஊடகம் வலையொலி. பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியை முன்வைத்து, அவ்வூடகத்தின் தோற்றத்தையும் தேவையையும் அதற்குரிய பொறுப்பையும் விளக்குகிறது இப்பாடம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ள ஊர் ஆரணி. பட்டும் அரிசியும் இவ்வூரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுசென்ற இரு பொருள்கள். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஊரின் தெருக்களிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நெசவு வீட்டோடு இணைந்த தொழிலாக நடைபெற்று வருகிறது; பல குடும்பங்களுக்கு வீட்டின் கூடமே தறிக்கூடம்.

குழித்தறியில் அமர்ந்த நெசவாளர் கால்களால் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகிறார். பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. பிரிந்த வழியே நாடா ஊடையை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அச்சு வந்து ஊடையை அடித்து நெருக்குகிறது. மீண்டும் மிதி, மீண்டும் நாடா, மீண்டும் அச்சு. ஒரு சேலை முழுமையடைய இவ்வசைவு பல்லாயிரம் முறை நிகழ வேண்டும். ஓர் இழை அறுந்தாலும் கண் அதனை உடனே கண்டுகொள்ள வேண்டும். ஆகவே கண்ணுக்கு ஓய்வில்லை. நெசவாளருக்குப் படிப்பதில் எத்துணை ஆர்வம் இருப்பினும் வேலை நேரத்தில் நூலைக் கையில் ஏந்த இயலாது. திரையை நோக்கவும் இயலாது. தறி தனக்கென்று எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்த புலன் செவி ஒன்றுதான்.

அச்செவிக்குக் கிடைக்கும் நேரம் சிறிதன்று. நாளொன்றுக்கு எட்டு மணிநேரம் தறியில் அமர்பவர், ஆண்டில் முந்நூறு நாள் நெய்தால், 2,400 மணிநேரம் கேட்கும் வாய்ப்புடையவர் ஆகிறார். பள்ளி மாணவர் ஒருவர் ஓராண்டில் வகுப்பறையில் செலவிடும் நேரத்தைவிட இது மிகுதி. விசைத்தறியின் பேரிரைச்சலில் பேச்சு எடுபடாது. கைத்தறியின் ஓசை சீரானது. அதனூடே ஒரு மனிதக் குரலைக் கேட்டு உணர முடியும். முன்னர் அக்குரல் வானொலிப் பெட்டியிலிருந்து வந்தது. இன்று கைப்பேசியிலிருந்து வருகிறது. திரைப்பாடலும் நகைச்சுவையும் களைப்பைப் போக்கும். அவற்றைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் 2,400 மணிநேரத்தில் ஒரு பகுதியேனும் அறிவுக்கு உரியதாகுமா என்பது எண்ணத்தக்க வினா.

கேட்டுக் கற்ற மரபு

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் வினாவையும் குறிக்கும், கேட்டறிதலையும் குறிக்கும். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வி என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. ஏடு பயிலும் வாய்ப்பற்றவருக்கும் அறிவின் வாயில் அடைபடவில்லை என்பதை அவ்வைப்பு முறையே உணர்த்துகிறது.

ஆரணி அமைந்துள்ள வடதமிழ்நாட்டில் இம்மரபு இன்றும் கண்கூடு. திரௌபதி அம்மன் கோயில்களில் நடைபெறும் பாரத விழாவில் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். வில்லிபாரதம், நல்லாப்பிள்ளை பாரதம் ஆகியவற்றைத் துணையாகக் கொண்டு சொற்பொழிவாளர் நாள்தோறும் கதையின் ஒரு பகுதியை விரித்துரைப்பார். நேற்று விட்ட இடத்தை இரண்டொரு தொடரில் நினைவூட்டி இன்று தொடங்குவார். சுவை மிகும் இடத்தில் நிறுத்தி, கேட்டவரை மறுநாளும் வரச்செய்வார். பள்ளி வாயிலை மிதியாத முதியவரும் பாரத மாந்தரின் பெயர்களையும் கிளைக்கதைகளையும் தடையின்றிச் சொல்வது இவ்வாறு கேட்டதன் பயனே. தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை என்னும் ஊர் இதே மாவட்டத்தில் செய்யாற்றுக்கு அருகில் உள்ளது. எனவே, தொடராகக் கேட்டல் இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. இன்றைய வலையொலித் தொடர்கள் கையாளும் உத்திகளுள் பலவற்றைப் பாரதச் சொற்பொழிவாளர் ஒலிவாங்கி வருவதற்கு முன்பே கையாண்டுவிட்டார்.

அச்சு நூல்கள் பெருகிய பின்னரும், ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் கூடியிருந்து கேட்கும் வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. தமிழில் நாவல் வளர்ந்த காலத்து வாசிப்பு முறைகளை ஆ. இரா. வேங்கடாசலபதி தம் 'நாவலும் வாசிப்பும்' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். தேநீர்க் கடைகளிலும் படிப்பகங்களிலும் ஒருவர் நாளிதழைப் படிக்க, எழுத்தறியாதார் சூழ நின்று கேட்டு நாட்டு நடப்பை அறிந்தனர். வாய்க்குள்ளேயே படித்தல் எங்கும் பரவியது அண்மைக் காலத்தில்தான்.

வாசிப்பவருக்குக் கூலி

தொழிற்கூடத்திலேயே செவியைக் கல்விக்குப் பயன்படுத்தியதற்கு உலகறிந்த சான்று கியூபா நாட்டில் கிடைக்கிறது. சுருட்டுச் சுற்றுதல், நெசவைப் போலவே கையையும் கண்ணையும் பிணைத்துவைக்கும் வேலை. 1865ஆம் ஆண்டு ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலை ஒன்றில், தொழிலாளர் வேலைசெய்யும்போது ஒருவர் உரக்கப் படிக்கும் வழக்கம் தொடங்கியது. நாளிதழும் நாவலும் படிக்கப்பட்டன. நாளடைவில் வாசிப்பவருக்கென்று உயர்ந்த மேடையும் அமைந்தது. அவருக்கு ஊதியம் தந்தவர் ஆலை முதலாளி அல்லர். தொழிலாளர்களே தத்தம் கூலியிலிருந்து பகிர்ந்து கொடுத்தனர். எந்த நூலைப் படிப்பது என்பதிலும் அவர்கள் விருப்பமே முதன்மை பெற்றது. கேட்பவர் சிந்திக்கத் தொடங்கிவிடுவர் என்று அஞ்சிய காலனிய அரசு, மறு ஆண்டே அதற்குத் தடை விதித்தது. தடை நிலைக்கவில்லை. அலெக்சாண்டர் டூமா எழுதிய நாவலின் தலைவன் மான்டி கிறிஸ்டோவின் பெயரை ஒரு சுருட்டு வகை இன்றும் தாங்கியிருப்பது அவ்வாசிப்பின் எச்சம் என்பர். புகையிலை உடலுக்குக் கேடு. அதைச் சுற்றியவர்கள் கண்ட வழியோ அறிவுக்கு ஆக்கம்.

அண்டை மாநிலமான கேரளத்திலும் இதனை ஒத்த வழக்கம் இருந்தது. கண்ணூர்ப் பகுதிப் பீடிக் கூடங்களில் தொழிலாளர் ஒருவர் நாளிதழைப் படிப்பார். அந்நேரத்தில் அவர் சுற்றாமல் விட்ட பீடிகளின் அளவை மற்றவர்கள் தங்கள் பங்கிலிருந்து ஈடுசெய்வர். 1969இல் தொடங்கப்பட்ட கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவு அமைப்பிலும் அவ்வழக்கம் தொடர்ந்தது.

ஈரிடத்தும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எண்ணிக்கைக்குக் கூலி பெற்றவர்கள், ஒவ்வொரு நிமிடமும் காசாக மாறும் தொழிலில் இருந்தவர்கள், தம் வருவாயில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் குரலை வாங்கினர். கேட்டல் என்பது பொழுதுபோக்கு மட்டுமே எனக் கருதியிருந்தால் அவ்வாறு செய்திருப்பார்களா?

காற்றில் வந்த குரல்

ஆள் அமர்ந்து படிக்கும் இடத்தை வானொலி எடுத்துக்கொண்டது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924இல் மதராஸ் மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள்முட்டுப்பாட்டால் 1927இல் நின்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பெற்றன. செவிவழி அறிவு வயலில் விளைந்ததற்குத் திருச்சிராப்பள்ளி நிலையமே சான்று. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல்வகையை அந்நிலையத்தின் வேளாண் ஒலிபரப்பு உழவரிடையே பரப்பியது. உழவர்கள் அதற்கு ஆய்வு நிலையம் இட்ட பெயரை விடுத்து 'ரேடியோ நெல்' என்றே அழைத்தனர்.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு கடல்கடந்து தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களை முகம் காணாமலேயே மக்கள் உறவாகக் கொண்டாடினர். திரைப்படங்களின் ஒலிப்பகுதியை மட்டும் ஒலிச்சித்திரமாகக் கேட்டே உரையாடல்களை மனப்பாடம் செய்தவர் பலர். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' திரைப்படத்தைக் கண்ணால் கண்டதைவிடக் காதால் கேட்டது மிகுதி என்று சொல்லத்தக்க ஊர்கள் இருந்தன. இலண்டனிலிருந்து ஒலித்த பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்து அறிஞர் சோ. சிவபாதசுந்தரம். அவ்வானொலி ஒலிபரப்பு 2017இல் நிறைவுற்றது.

வானொலிக்கு ஒரு வரம்பு இருந்தது. குறித்த நேரத்தில் வரும், கேளாவிட்டால் போய்விடும். தறியில் இருப்பவருக்கு இது பெரிய இடர். சுவையான உரையின் நடுவே பாவில் இழை அறுகிறது. நெசவாளர் குனிந்து, அறுந்த முனைகளைத் தேடி எடுத்து முடிகிறார். நிமிர்வதற்குள் உரையின் முதன்மையான பகுதி கடந்துவிடுகிறது. இழையை முடியலாம், காற்றில் போன பேச்சை முடிய வழியில்லை.

வலையொலி

அவ்வழியைத் தந்தது வலையொலி. ஆங்கிலத்தில் பாட்காஸ்ட் எனப்படும் இதன் பெயர், 2001இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட 'ஐபாட்' என்னும் இசைக்கருவியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் இணைத்து உருவானது. 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரித்தானிய இதழாளர் பென் ஹாமர்ஸ்லி 'தி கார்டியன்' நாளிதழில் எழுதிய கட்டுரையில் இச்சொல் முதன்முதலில் இடம்பெற்றது. மறு ஆண்டிலேயே நியூ ஆக்ஸ்போர்டு அமெரிக்க அகராதி அதனை ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. இன்று அக்கருவியின் உற்பத்தி நின்றுவிட்டது. பெயர் மட்டும் நிற்கிறது.

இதன் அமைப்பு எளியது. பேச்சைப் பதிவுசெய்து ஒலிக்கோப்பாக இணையத்தில் வைக்கின்றனர். புதிய பகுதி வந்துள்ளது என்பதை ஓடை என்னும் தகவல் அமைப்பு கேட்பவரின் செயலிக்கு அறிவிக்கிறது. நாளிதழுக்குச் சந்தா செலுத்தியவர் வீட்டு வாயிலில் இதழ் வந்து விழுவதைப் போல, பின்தொடர்பவரின் கைப்பேசியில் பகுதி வந்து சேர்கிறது. ஒலியை ஓடைவழியே அனுப்பும் முறையை அமெரிக்க மென்பொருள் வல்லுநர் டேவ் வைனர் உருவாக்கினார். அதனைக் கேட்போரிடம் பரப்பியவர்களுள் ஆடம் கரி குறிப்பிடத்தக்கவர். தெளிவான பேச்சுக்கு நொடிக்கு 64 கிலோபிட் அளவு போதும். அவ்வாறாயின் ஒருமணிநேர உரைக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் செலவாகும். இணைய இணைப்புள்ள இடத்தில் முன்னதாகவே இறக்கி வைத்துக்கொண்டால் தறிக்கூடத்தில் இணைப்பு இல்லாமலேயே கேட்கலாம். இழை அறுந்தால் நிறுத்தலாம். முடிந்தபின் பத்து நொடி பின்னோக்கிச் சென்று தொடரலாம். அண்மைக்காலத்தில் இருவர் எதிரெதிரே அமர்ந்து பேசும் காணொளிகளையும் வலையொலி என்றே அழைக்கின்றனர். கண்ணைக் கேட்கும் எதுவும் நெசவாளருக்கு உதவாது. வலையொலியின் தனிச்சிறப்பு அது கண்ணை விட்டுவிடுவதே.

கருத்து, வரலாறு, நூல், மக்கள் பண்பாடு எனப் பலவற்றையும் ஆழமாகப் பேசும் வலையொலிகள் உலகெங்கும் உள்ளன. 1998இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கிய பி.பி.சி.யின் 'இன் அவர் டைம்' அவற்றுள் முன்னோடி. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அத்துறை அறிஞர் மூவர் உரையாடுவர். மெல்வின் பிராக் அதனை நெடுங்காலம் நடத்தினார். இந்தியாவில் அமித் வர்மா 2017இல் தொடங்கிய 'தி சீன் அண்ட் தி அன்சீன்' ஆங்கில வலையொலி, ஒருவருடன் பல மணிநேரம் உரையாடுவது. நீண்ட பேச்சை எவரும் கேளார் என்னும் எண்ணம் பிழை என்பதை அது காட்டியது. கேட்கக் காத்திருந்தவர் இருந்தனர், பேசுவார்தாம் குறைவு.

தமிழிலும் முயற்சிகள் உள்ளன. தீபிகா அருண் தம் 'கதை ஓசை' வலையொலியில் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைக் குரல்வழி வழங்கியுள்ளார். 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்த நாவல் அது. ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததை எதிர்நோக்கச் செய்யும் வகையில் எழுதப்பட்டது. செவித்தொடராக மாறுவதற்கு அதனினும் ஏற்ற நூலைக் காண்பது அரிது. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த பின் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. உரிமையுள்ள நூலை முழுமையாகப் படித்து வெளியிட இசைவு பெற வேண்டும். அந்நூலைப் பற்றிப் பேசுவதற்கு எவர் இசைவும் தேவையில்லை. சொல்வனம் இணைய இதழ் தன் படைப்புகளை ஒலிவடிவிலும் தருகிறது. ஆஸ்திரேலியாவின் எஸ்.பி.எஸ். தமிழ் ஒலிபரப்பும் வலையொலியாகக் கிடைக்கிறது.

ஆரணியில் தொடங்கும் கதைகள்

அறிவுசார்ந்த வலையொலிக்குப் பொருள் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தறிக்குமேல் பொருத்தப்பட்டிருக்கும் ஜக்கார்டுப் பெட்டியிலேயே ஒரு தொடருக்குரிய செய்தி உள்ளது. பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் இவ்வமைப்பை உருவாக்கினார். அட்டையில் துளை இருந்தால் ஓர் இழை உயரும், இல்லையேல் உயராது. உண்டு, இல்லை என்னும் இவ்விரண்டைக் கொண்டே மயிலும் மாங்காயும் பட்டில் உருப்பெறுகின்றன. ஜக்கார்டின் உருவத்தையே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தனர். அப்படம் ஒன்று இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜிடம் இருந்தது. தாம் வடிவமைத்த பகுப்பாய்வு இயந்திரத்துக்குக் கட்டளையிடத் துளையட்டைகளையே அவர் தேர்ந்தார். தறி பூவையும் இலையையும் நெய்வதைப் போல அவ்வியந்திரம் இயற்கணிதத்தை நெய்யும் என்னும் கருத்தை 1843இல் அடா லவ்லேசு எழுதினார். 1890ஆம் ஆண்டின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு துளையட்டைகளால் கணக்கிடப்பட்டது. கணினி வளர்ந்த வழி அது. தம் தலைக்குமேல் ஆடும் அட்டைகளும் மடியருகே பேசும் கைப்பேசியும் ஒரே மரபின் உறவினர் என்பதை நெசவாளர் நெய்துகொண்டே கேட்டறிவாராயின், அதனை அவரைவிட விரைவாக உணர்வார் யார்? பாடநூலில் துளையட்டையின் படத்தைக் காணும் மாணவருக்கு அது பழம்பொருள். அவருக்கோ அன்றாடக் கருவி.

ஊரின் வரலாறும் அவ்வாறே. 1751ஆம் ஆண்டில் ஆற்காட்டுக் கோட்டையில் 50 நாள் முற்றுகையைத் தாங்கி வெளிவந்த இராபர்ட் கிளைவ், அவ்வாண்டு டிசம்பரில் மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப்பின் படையையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக்காரரையும் எதிர்கொண்ட இடம் ஆரணி. 1782 ஜூனில் ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் இடையே மற்றொரு போர் இங்கு நடைபெற்றது. ஆரணியைப் பற்றிய வலையொலி எதுவும் இவ்விரு போர்களை விட்டுவிட இயலாது. ஆனால், இங்குதான் எச்சரிக்கை வேண்டும். போர்களைப் பற்றிய பதிவுகளுள் பெரும்பகுதி ஆங்கிலேயப் படையினரும் அவர்சார்ந்த வரலாற்றாசிரியரும் எழுதியவை. இராபர்ட் ஆர்ம் எழுதிய வரலாறு கிளைவின் வெற்றியை விரிவாகப் பேசும். தமிழில் அக்காலத்தை அறிய, 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதப்பெற்ற ஆனந்தரங்கரின் நாட்குறிப்பு உதவும். அது பிரெஞ்சுத் தரப்பில் நின்று நோக்கியவரின் எழுத்து. இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுபவர் வரலாறு பேசுகிறார். ஒன்றை மட்டும் படித்து, கேட்போர் விரும்பும் வண்ணம் வீரத்தைக் கூட்டிச் சொல்பவர் கதை பேசுகிறார். கதை பேசுவது தவறன்று. அதனை வரலாறு எனச் சொல்வதே தவறு.

நூல் வேண்டுமாயின் எம். வி. வெங்கட்ராமின் 'வேள்வித்தீ' உள்ளது. கும்பகோணத்துச் சௌராட்டிர நெசவாளரின் வாழ்வை உள்ளிருந்து எழுதிய நாவல் அது. அவருக்கு 1993இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றுத்தந்த நாவலின் பெயர் 'காதுகள்' என்பது இப்பாடத்துக்கு எதிர்பாராது கிடைத்த பொருத்தம். திரைப்படத்தைப் பேச விரும்புவோர் பட்டு நெசவாளரின் வாழ்வைச் சித்திரிக்கும் 'காஞ்சிவரம்' படத்திலிருந்து தொடங்கலாம்.

செவிக்கு எழுதுதல்

பொருள் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. கண்ணுக்கு எழுதியதை அப்படியே படித்தால் செவி ஏற்காது. தமிழோசைக்குப் பெயர் தந்த சிவபாதசுந்தரமே 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலையும் எழுதினார் என்பது, இது தனிக்கலை என்பதைக் காட்டும். படிப்பவர் ஐயம் எழுந்தால் முன்பக்கத்தைப் புரட்டுவார். கேட்பவர் அவ்வாறு அடிக்கடி செய்யார். கை தறியில் இருக்கிறது. எனவே 'மேற்கூறிய' என்னும் சொல்லுக்குச் செவியில் பொருளில்லை. மேல் என ஓரிடம் அங்கு இல்லை. 'அவர்', 'இவர்' என்று சுட்டுவதைவிடப் பெயரையே திரும்பச் சொல்வது நன்று. தமிழ்த் தொடரில் வினைமுற்று இறுதியில் வரும். இருபது சொற்கள் கொண்ட தொடரைக் கேட்பவர், யார் என்ன செய்தார் என்பதை அறிய இருபதாம் சொல் வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். அதற்குள் நாடா நான்கு முறை ஓடிவிடும். ஒலிப்பும் இன்றியமையாதது. எழுத்தில் வலி, வழி, வளி மூன்றும் வேறு. நாக்கு சோம்பினால் செவியில் மூன்றும் ஒன்று.

எந்தத் தமிழில் பேசுவது என்பதே கடினமான வினா. தமிழ் இரட்டை வழக்கு மொழி. எழுத்து வழக்கில் பேசினால் அறிவிப்பைப் போல் விறைப்பாக ஒலிக்கும். பேச்சு வழக்கில் பேசினால் எவ்வட்டாரப் பேச்சு என்னும் சிக்கல் எழும். ஆரணிப் பேச்சு நாகர்கோவிலாருக்கும், யாழ்ப்பாணப் பேச்சு ஆரணியாருக்கும் உடனே விளங்கிவிடாது. எனினும் அதற்கு அஞ்சி எல்லாக் குரலையும் ஒரே அச்சில் வார்ப்பது தீர்வன்று. சிறிது நேரம் கேட்டால் செவி பழகிக்கொள்ளும். இலங்கை வானொலியைத் தமிழ்நாடு கேட்டுப் பழகியது அவ்வாறே.

கேட்பவர் பேசுதல்

வானொலி நிலையம் அமைக்கப் பெருஞ்செலவும் அரசின் உரிமமும் வேண்டும். சமுதாய வானொலிகூட உரிமம் பெற்றே இயங்குகிறது; அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்.எம்.' 2004இல் அவ்வாறுதான் தொடங்கியது. வலையொலிக்கு ஒரு கைப்பேசி போதும். ஆகவே, தறியில் அமர்ந்து கேட்பவரே பேசுபவராகவும் ஆக முடியும். அவர் பேச வேண்டிய தேவையும் உள்ளது. நெசவுத் தொழிலின் அறிவு பெரும்பாலும் எழுதப்படாதது. காஞ்சிபுரத்து நெசவில் வழங்கும் கோர்வை, அடை, பேட்னி போன்ற சொற்களின் நுட்பத்தை அகராதி முழுமையாகச் சொல்லாது; செய்தவர் சொல்ல வேண்டும். கோர்வை நெசவில் துணைக்கு அமர்பவருக்கும் நெய்பவருக்கும் இடையே நிகழும் குறிப்புச் சொற்கள், சாயத்தின் பதத்தைக் கண்ணால் அறியும் முறை, பட்டின் தரத்தை விரலால் அறியும் முறை ஆகியவை மூத்தோர் நினைவிலேயே வாழ்கின்றன. ஆரணியில் சௌராட்டிர மொழி பேசும் நெசவாளரும் உள்ளனர். தனி எழுத்துமுறை இருந்தும் அம்மொழி பெரிதும் நாவிலும் செவியிலும் வாழ்வது. இளையோர் வேறு பணிகளுக்குச் செல்லும் வீட்டில் தறி நிற்கும்போது, தறியோடு சேர்ந்து அச்சொற்களும் நின்றுவிடுகின்றன.

இவற்றைப் பதிவுசெய்யச் செல்லும் மாணவர் முதலில் சந்திக்கும் தடை, தறியின் ஓசையே. அதனூடே கேட்கலாம், பதிவு தெளிவாக அமையாது. தறியை நிறுத்தச் சொன்னால் நெசவாளரின் கூலி குறையும். அவர் பேசும் நேரத்துக்கு ஈடுசெய்யக் கண்ணூரில் இருந்ததைப் போல உடன்பணியாளர் கூட்டம் இங்கு இல்லை. ஆகவே நேரமறிந்து செல்ல வேண்டும். ஒரு பாவு முடிந்து, பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கி இணைக்கும் நாள் உண்டு. அன்று தறி ஓசையிடாது. கைகள் வேலையில் இருக்கும், வாய் ஓய்ந்திருக்கும். அடைமழைக் காலத்தில் குழித்தறியின் குழியில் ஈரம் ஊறி, பாவும் நமத்துப்போய் வேலை தடைப்படும் நாள்களும் உண்டு. அந்நாள்களில் கைப்பேசியைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், மடித்த துணியின்மேல் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, முதல் வினாவாக அவர் எந்த வயதில் தார் சுற்றத் தொடங்கினார் என்று கேட்டால் போதும். கூரையில் விழும் மழையின் ஓசை பதிவில் சற்றே கேட்கும். அதனை நீக்க வேண்டியதில்லை.